பார்த்த பறவையைப் பதிந்து வைப்பது எப்படி: களக்குறிப்பிலிருந்து ஆவணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பறவை நோக்குவோரிடம் “பார்த்ததையெல்லாம் எழுதி வைக்கிறீர்களா?” என்று கேட்டால் நேரான விடை கிடைப்பது அரிது. வாழ்நாளில் முதன்முறையாகக் கண்ட இனங்களை மட்டும் எண்ணி வைத்திருப்போர் உண்டு. எடுத்த ஒளிப்படங்களே போதுமான பதிவு என்று கருதுவோரும் உண்டு. மிகப் பலர் ஒரு குறிப்பேட்டை ஆர்வத்தோடு தொடங்கி, பத்துப் பதினைந்து பக்கங்களில் நிறுத்திவிட்டவர்கள். அதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் எதை எழுதுவது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எழுத முயன்று களைத்துப் போனதே பெரும்பாலும் உண்மையான காரணம் என்பது என் எண்ணம்.

என்னுடைய முதல் குறிப்பேட்டில் “ஏரியில் நிறைய உள்ளான்கள், ஒரு வல்லூறு” என்றொரு வரி இருக்கிறது. எந்த ஏரி, எந்த ஆண்டு, எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன், “நிறைய” என்றால் இருபதா இருநூறா என்பதற்கு அந்த வரியில் விடையில்லை. அதை எழுதியவன் நானே என்றபோதிலும் இன்று அது எனக்கே பயன்படாது. பறவையின் பெயர் ஒரு பதிவின் ஒரு பாதி மட்டுமே. அதை எப்படித் தேடினோம் என்ற விவரம் மறுபாதி. பெரும்பாலான குறிப்பேடுகளில் விடுபடுவது இந்த இரண்டாவது பாதிதான் என்பதால், இந்த வழிகாட்டி அதற்கே கூடுதல் இடம் தருகிறது.

எதற்காக எழுதுகிறோம் என்று முதலில் தீர்மானித்தல்

எழுதுவதற்கு முன் நோக்கத்தைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். சொந்த நினைவுக்காக மட்டும் எழுதுபவர் தமக்குப் பிடித்த வடிவில் எழுதிக் கொள்ளலாம். அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்தக் குறிப்பு என்றாவது பிறருக்கும் பயன்பட வேண்டும் என்ற விருப்பம் சிறிதளவு இருந்தாலும், முதல் நாளிலிருந்தே சில விவரங்களைச் சேர்த்து எழுதுவது நல்லது. பின்னாளில் அவற்றை நினைவிலிருந்து மீட்க முடியாது.

அந்தப் பயன் எவ்வளவு தொலைவுக்குச் செல்லக்கூடும் என்பதற்கு ஜோசப் கிரின்னல் நல்ல எடுத்துக்காட்டு. 1908-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கப்பட்ட முதுகெலும்பி விலங்கியல் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான அவர், களத்தில் சிறு ஏட்டில் குறித்ததை அன்றைக்கே நாட்குறிப்பாக விரித்து எழுதும் முறையைத் தம் குழுவினருக்குக் கட்டாயமாக்கினார். சென்ற பாதை, தங்கிய இடம், கண்ட எண்ணிக்கை, வாழிடத்தின் தன்மை எல்லாம் அந்த ஏடுகளில் இருந்ததால், ஒரு நூற்றாண்டு கழித்து அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று மறுபடியும் கணக்கெடுக்க முடிந்தது. மொஹாவே பாலைவனத்தில் கிரின்னல் குழுவினர் பார்த்த இடங்களில் சராசரியாக 43 விழுக்காடு பறவையினங்கள் இப்போது காணப்படவில்லை என்ற 2018-ஆம் ஆண்டின் ஆய்வு முடிவு இப்படித்தான் கிடைத்தது. வெறும் இனப்பட்டியலை மட்டும் அவர்கள் விட்டுச் சென்றிருந்தால் இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கவே முடியாது.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

இதில் நீண்ட ஆலோசனைக்கு இடமில்லை. சட்டைப்பையில் அடங்கும் கெட்டி அட்டைக் குறிப்பேடு ஒன்றும் பென்சில் ஒன்றும் போதும். மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. கைபேசிச் செயலியில் பதிபவரும் மின்கலம் தீர்ந்துபோகும் நாளுக்காக ஒரு தாளை வைத்துக் கொள்வது நல்லது. கேமராவின் கடிகாரத்தைப் புறப்படும் முன்பே சரிபார்க்க வேண்டும்; வேறு நேர மண்டலத்துக்குப் பயணம் செய்தவர்கள் இதை மறந்துவிட்டு, நள்ளிரவில் பறந்த கழுகின் படத்தை வைத்துக்கொண்டு திகைப்பதுண்டு.

பறவைக்கு முன் எழுத வேண்டிய வரி

களத்தில் இறங்கியதும், ஒரு பறவையின் பெயரையும் எழுதுவதற்கு முன், தலைப்பு வரியை எழுதி முடித்துவிட வேண்டும். நாள், தொடங்கிய நேரம், இடம், உடன் இருப்பவர்களின் எண்ணிக்கை, வானிலை ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். நாளைக் குறிக்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதுவது பாதுகாப்பானது. 03/04 என்பதை ஒரு நாட்டினர் ஏப்ரல் 3 என்றும் மற்றொரு நாட்டினர் மார்ச் 4 என்றும் படிப்பார்கள். வலசைப் பறவைகளைப் பொறுத்தவரை அந்த ஒரு மாத வேறுபாடு முழுக் கதையையும் மாற்றிவிடும்.

இடத்தைக் குறிப்பதில் இரண்டு வழிகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிறந்தது. அகலாங்கு, நெட்டாங்கு எண்களைக் கைபேசி தந்துவிடும். ஆயினும் எண்ணில் ஓரிலக்கம் பிழைத்தால் பறவை கடலுக்குள் போய்விடும். ஆகவே “குளத்தின் வடகரை, நாணல் அடர்ந்த மூலை” என்பது போன்ற ஒரு சொற்குறிப்பும் உடன் இருக்க வேண்டும். ஒன்றில் பிழை நேர்ந்தால் மற்றொன்று அதைக் காட்டிக் கொடுக்கும்.

முடிக்கும்போது, முடித்த நேரத்தையும் நடந்த தொலைவையும் எழுத வேண்டும். பலரும் விட்டுவிடும் இந்த இரண்டு எண்களும் இல்லாமல், இன்று கண்ட 12 நீர்க்காகங்களையும் சென்ற ஆண்டு கண்ட 30 நீர்க்காகங்களையும் ஒப்பிடவே முடியாது. சென்ற ஆண்டு மூன்று மணி நேரமும் இன்று இருபது நிமிடமும் பார்த்திருந்தால், குறைந்தது பறவைகளா நம் பொறுமையா என்று யார் சொல்வது?

ஒரு முழுப் பதிவு இவ்வளவு சுருக்கமாகவே இருக்கலாம்: “2024 நவம்பர் 17, காலை 6.40 முதல் 7.55 வரை. குளத்தின் வடகரை, நடந்து 1.8 கி.மீ. இருவர். மெல்லிய மூடுபனி, 7.15-க்குப் பின் தெளிவு. நீர்க்காகம் 12, சாம்பல் நாரை 3 (ஒன்று இளம்பறவை), உள்ளான் 4, தகைவிலான் சுமார் 60, சிட்டுக்குருவி 25. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளும் இதில் உள்ளன.”

முழுப் பட்டியலும் இல்லாமையின் செய்தியும்

மேற்கண்ட குறிப்பின் கடைசி வாக்கியமே அதில் மிக மதிப்புள்ளது. அடையாளம் காண முடிந்த அனைத்தையும் எழுதியிருக்கிறேன் என்று ஒருவர் உறுதி கூறும்போது, பட்டியலில் இல்லாத பறவையும் செய்தியாகிவிடுகிறது: அன்று அங்கே தேடியும் அது கண்ணில் படவில்லை. அரிய பறவைகளை மட்டும் எழுதுபவரின் ஏட்டில் சிட்டுக்குருவி இல்லையென்றால், அங்கே குருவியே இல்லையா, அல்லது அதை அவர் எழுதத் தகுதியற்றதாகக் கருதினாரா என்பது தெரியாது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் நேஷனல் ஆடுபான் சொசைட்டியும் 2002-இல் தொடங்கிய, யாரும் தம் பறவைப் பட்டியலை ஏற்றக்கூடிய ஈபேர்டு இணையதளம், ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் “அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்களா?” என்று கேட்பது இதனால்தான். “ஆம்” என்பதற்கு எல்லாப் பறவைகளையும் அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்று பொருளல்ல. அடையாளம் கண்டவற்றில் எதையும் வேண்டுமென்றே விடவில்லை என்பதே பொருள். புதியவர்கள் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தயங்கி “இல்லை” என்று குறித்துவிடுகிறார்கள்.

ஆகையால் சாதாரணப் பறவைகளைச் சலிக்காமல் எழுத வேண்டும். காகத்தையும் புறாவையும் நூறாவது முறையாக எழுதும்போது சலிப்பு வருவது இயல்பு. ஆனால் வட அமெரிக்காவில் 1970-க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளியான மதிப்பீடு, பெரும்பாலும் இத்தகைய எளிய எண்ணிக்கைகளிலிருந்தே பெறப்பட்டது. 1966-இல் தொடங்கிய இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் ஒரே சாலைத் தடத்தில் 50 இடங்களில் நின்று, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் மட்டும் கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறார்கள். அந்த மதிப்பீட்டில் குருவி வகைகள், கரும்பறவை வகைகள் போன்ற, யாரும் அரியவை என்று கருதாத குடும்பங்களே மிகப்பெரும் இழப்பைச் சந்தித்திருந்தன.

எண்ணும் முறை

“நிறைய”, “சில” என்ற சொற்களைக் குறிப்பேட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும். சிறு எண்ணிக்கையை நேரடியாக எண்ணலாம். பெருங்கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை அளந்து செல்ல வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நூறைத் துண்டாகக் கொள்ளலாம். பறந்துகொண்டிருக்கும் கூட்டத்தை எண்ணும்போது ஒரு மரத்தையோ கம்பத்தையோ நிலைக்கோடாக வைத்து, அதைக் கடப்பவற்றை மட்டும் எண்ணினால் இரட்டைக் கணக்கு குறையும். கூட்டத்தின் நடுப்பகுதி அடர்ந்தும் ஓரங்கள் ஐதாகவும் இருப்பதால், ஓரத்தில் எடுத்த அளவை நடுவுக்கும் அப்படியே பொருத்தினால் எண்ணிக்கை குறைவாக வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மதிப்பிட்ட எண்ணுக்கு முன் “சுமார்” என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. எண்ணவே முடியாத நிலையில், இருந்தது என்பதை மட்டும் குறிக்கும் அடையாளமாக ஈபேர்டில் எக்ஸ் என்ற எழுத்து பயன்படுகிறது. அதைக் கடைசிப் புகலிடமாகவே கொள்ள வேண்டும். கவனத்தோடு மதிப்பிட்ட எண் எப்போதும் அந்த எழுத்தைவிட மேலானது.

ஐயத்துக்குரிய பறவையை எழுதுவது

குறிப்பெழுதுவதில் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் நான் அதிகமாகத் தவறியதும் இந்த இடத்தில்தான். அறிமுகமில்லாத பறவை ஒன்று தென்பட்டால் நம் கை தானாகவே பறவைக் கையேட்டைத் திறக்கப் போகும். அதைத் தடுத்து, முதலில் பார்த்ததை எழுத வேண்டும். கையேட்டின் படத்தைப் பார்த்துவிட்ட பிறகு நினைவு அந்தப் படத்தின் வண்ணங்களைக் கடன் வாங்கிக்கொள்ளும். பறவையிடம் இல்லாத புருவக்கோடு நம் குறிப்பில் முளைத்துவிடும். ஒரு முறை இப்படி முழு நம்பிக்கையோடு எழுதிய விவரம் தவறென்று, உடன் வந்தவர் எடுத்திருந்த மங்கலான ஒளிப்படம் ஒன்று எனக்குக் காட்டியது.

தெரிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்டு அளவைக் குறிப்பது நல்ல தொடக்கம்: மைனாவைவிடச் சிறியது, குருவியைவிடப் பெரியது என்பது போல. அடுத்து அலகின் நீளமும் வடிவமும், காலின் நிறம், கண்ணைச் சுற்றிய குறிகள், பறக்கும்போது இறக்கையிலும் வாலடியிலும் தெரிந்த பட்டைகள், குரல், நடத்தை ஆகியவற்றை, பார்த்த வரையில் எழுத வேண்டும். தொலைவு, வெளிச்சம் விழுந்த திசை, எத்தனை வினாடிகள் பார்வையில் இருந்தது என்பவையும் அவற்றோடு சேர வேண்டும். பார்க்கத் தவறியதையும் எழுதுவது பலருக்குத் தோன்றாத, ஆனால் மிகப் பயனுள்ள பழக்கம்: “கால் நிறம் பார்க்க முடியவில்லை” என்ற ஒரு தொடர், பிற்காலத்தில் படிப்பவருக்கு மற்ற விவரங்களின் மீதும் நம்பிக்கையைக் கூட்டும். அவலட்சணமாக இருந்தாலும் ஒரு கோட்டோவியம் வரைந்து அம்புக்குறி இட்டுவிடலாம்.

இறுதியில், ஒத்த தோற்றமுள்ள எந்த இனங்களை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்று எழுத வேண்டும். விலக்க முடியாவிட்டால் “இனம் தெரியாத உள்ளான் வகை” என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஆங்கிலேய இயற்கையியலாளர் கில்பர்ட் வைட் பதினெட்டாம் நூற்றாண்டில், தோற்றத்தால் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும் மூன்று இலைக்கதிர்க்குருவிகளை முக்கியமாகப் பாட்டின் வேறுபாட்டைக் கொண்டு பிரித்தறிந்தார். பொறுமையாகக் கேட்டதைக் கேட்டபடி குறித்து வைப்பவருக்கு, பெயர் பிறகு வந்து சேரும்.

குரலை வைத்து இனத்தைச் சொல்லும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெர்லின் போன்ற செயலி ஒரு பெயரைத் திரையில் காட்டினால், எங்கே தேட வேண்டும் என்பதற்கான துப்பாக அதைக் கொள்ளலாம். நம் காதோ கண்ணோ உறுதி செய்யாத வரை அது நம்முடைய பதிவாகாது.

பொய்ப் பதிவு செய்யும் கேடு

ஒரு தவறான இடக்குறிப்பு யாருக்கு என்ன தீங்கு செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஃபாரஸ்ட் ஆவ்லெட் எனப்படும் சிறிய ஆந்தையின் வரலாற்றைச் சொல்லலாம். இந்தியாவில் மட்டும் வாழும் இந்த இனத்தின் உண்மையான பழைய மாதிரிகளுள் (அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்த பறவை உடல்களுள்) கடைசியானது 1884-இல் சேகரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் படை அதிகாரியும் பறவை சேகரிப்பாளருமான ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் அருங்காட்சியகத்திலிருந்து திருடிய ஒரு மாதிரியை, 1914-இல் குஜராத்தில் தாமே சேகரித்ததாகப் போலிச் சீட்டு ஒட்டி வைத்தார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் இந்த மோசடியைக் கண்டறிந்து, நம்பத்தக்க பழைய மாதிரிகள் கிடைத்த பகுதிகளில் மட்டும் தம் குழுவினரோடு தேடியபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தை உயிரோடு தென்பட்டது. 113 ஆண்டுகள் கண்ணில் படாதிருந்த பறவை அது.

நாம் திருடுவதில்லை. ஆனால் ஆசையால் ஓர் அரிய இனத்தைப் பட்டியலில் சேர்ப்பதும், எங்கோ கண்டதை மற்றோர் இடத்தின் பெயரில் எழுதுவதும் ஏட்டில் ஒரே வகையான ஓட்டையைத்தான் உண்டாக்குகின்றன.

அன்றிரவே செய்ய வேண்டியது

களத்தில் கிறுக்கியதை அன்று தூங்குவதற்கு முன் நிரந்தர ஏட்டிலோ விரிதாளிலோ ஏற்றிவிட வேண்டும். மறுநாள் ஆகிவிட்டால் சுருக்கக் குறிகள் புதிராகிவிடும். விரிதாள் வைப்பவர் ஒரு நடையில் கண்ட ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரியை ஒதுக்கி, நாள், தொடக்க நேரம், கால அளவு, தொலைவு, இடம், இனம், எண்ணிக்கை, குறிப்பு என்று தனித்தனி நிரல்கள் அமைப்பது நல்லது. ஒரே கட்டத்தில் எண்ணையும் விளக்கத்தையும் கலந்து எழுதினால் பின்னர் கூட்டவோ வரிசைப்படுத்தவோ முடியாது.

வழக்குப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதுவது அவசியம். ஒரே பெயர் இரு பகுதிகளில் இரு பறவைகளைக் குறிப்பதுண்டு. இனங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் ஓயாமல் நடப்பதும் உண்டு. வெவ்வேறு உலகப் பட்டியல்களை ஒன்றிணைக்கும் அவிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியலே 2025-இல்தான் வெளிவந்தது. 8,000-க்கும் மேற்பட்ட இனங்களைப் பார்த்த அமெரிக்கப் பறவை நோக்குநர் ஃபீபி ஸ்னெட்ஸிங்கர், உள்ளினங்களையும் (ஓர் இனத்துக்குள் இடத்துக்கு இடம் வேறுபடும் பிரிவுகளையும்) கவனமாகக் குறித்து வைத்தவர். அப்படிக் குறித்தவருக்கு, ஓர் இனம் பின்னாளில் இரண்டாகப் பிரிக்கப்பட்டால், தாம் பார்த்தது எது என்பதை ஏட்டைப் புரட்டியே அறிந்துகொள்ள முடியும். உள்ளினம் தெரியாதவர் இடத்தைத் துல்லியமாக எழுதினாலே இந்தப் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தவறைத் திருத்தும்போது அழிப்பானைப் பயன்படுத்தக் கூடாது. ஒற்றைக் கோடிட்டு அடித்து, திருத்திய நாளையும் காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். முதலில் என்ன நினைத்தோம் என்பதும் ஒரு சான்றுதான்.

பொதுத் தளத்தில் ஏற்றுதல்

ஈபேர்டு போன்ற தளத்தில் ஏற்றும்போது, நின்ற இடத்தில் பார்த்தது, நடந்து பார்த்தது, வேறு வேலையின் நடுவே தற்செயலாகக் கண்டது என்ற பிரிவுகளில் சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். நாள் முழுவதையும் ஒரே பட்டியலாக்காமல், வாழிடம் மாறும்போது புதிய பட்டியலைத் தொடங்குவது நல்லது. ஓரிரு கிலோமீட்டருக்குள் அடங்கும் பட்டியல், முப்பது கிலோமீட்டரை மூடும் பட்டியலைவிட எத்தனையோ மடங்கு பயன்தரும். குழுவாகச் சென்றால் ஒருவர் எழுதி மற்றவர்களோடு அதே பட்டியலைப் பகிர வேண்டும். ஆளுக்கொன்றாக ஏற்றினால் அது ஒரே நிகழ்வு என்பதைத் தளத்தால் அறிய முடியாது. அந்தந்தப் பகுதியின் மதிப்பாய்வாளர் ஒரு பதிவைப் பற்றி விளக்கம் கேட்டால் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. களத்தில் எழுதிய விவரம் கையில் இருப்பவருக்கு அந்தக் கேள்விக்கு விடையளிக்க ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றையும் உடனே வெளியிட வேண்டும் என்பதும் இல்லை. கூடு, ஆந்தையின் பகல் தங்குமிடம், வேட்டையாடப்படும் இனம் ஆகியவற்றின் துல்லியமான இடத்தைத் தனி ஏட்டில் முழுமையாக எழுதி, பொதுவெளியில் குஞ்சுகள் பறந்த பின்போ இடத்தைத் தெளிவின்றிக் குறித்தோ வெளியிடலாம். சில இனங்களின் இடத்தைத் தளமே மறைத்துவிடும்; ஆயினும் அந்தப் பட்டியலில் இல்லாத பறவைக்கு நம் நிதானமே காவல்.

பழைய ஏடுகளும் காப்பும்

பெட்டியில் கிடக்கும் பழைய குறிப்புகளையும் ஏற்றலாம். அப்போது தெரியாத நேரத்தையோ தொலைவையோ ஊகித்து நிரப்பக் கூடாது. ஏட்டில் உள்ளது மட்டுமே போக வேண்டும். வட அமெரிக்காவில் வெல்ஸ் குக் 1881-இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், வலசைப் பறவைகளின் வரவு நாட்களைத் தன்னார்வலர்கள் 1970 வரை சிறு அட்டைகளில் எழுதி அனுப்பினார்கள். பின்னர் கவனிப்பாரின்றிக் கிடந்த ஏறத்தாழ 60 லட்சம் அட்டைகள் இந்த நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டு, பருவநிலை மாற்றத்தை ஆராய்வதற்குத் தரவுகளாக மாறின. அவற்றுள் பல, ஒரு பெயரும் ஒரு நாளும் ஓர் ஊரும் மட்டும் கொண்டவை. அவ்வளவு தெளிவாக இருந்ததே அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

தாள் ஏட்டை ஆண்டுக்கு ஒரு முறை ஒளிப்படமாக எடுத்து வைப்பதும், இணையத்தில் உள்ள தரவை அவ்வப்போது தரவிறக்கி வேறோர் இடத்தில் சேமிப்பதும் பெரிய வேலை அல்ல. ஒவ்வோர் ஏட்டின் முதல் பக்கத்திலும் உங்கள் பெயர், அந்த ஏடு தழுவும் காலம், நீங்கள் பயன்படுத்தும் சுருக்கக் குறிகளின் விளக்கம், நீங்கள் இல்லாத காலத்தில் அது யாரிடம் அல்லது எந்த நூலகத்திடம் சேர வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அந்த ஏற்பாட்டை வீட்டிலுள்ள ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லியும் வையுங்கள்.